கஸ்தோரின் அணையும் மைத்துனரின் மண்வெட்டியும்

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், நான் வழமையாகத் தேநீர் அருந்தும் கடையில் இருந்தபோது மைத்துனரின் அழைப்பு வந்தது. அவர் என் மனைவியின் தம்பி, திரான்சியில் வசிப்பவர். பாரிசுக்குத் தெற்கே, ஒரு சிற்றோடையின் கரையில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கீரை பயிரிட்டு, இங்குள்ள கடைகளுக்குக் கொடுத்து வருபவர்.

“அத்தான், ஓடையை ஆரோ மறிச்சுப் போட்டாங்கள். பாத்திக்குள்ளை தண்ணி. கரையிலை போர்ட் ஒண்டு நிக்குது, கஸ்தோர் எண்டு. இஞ்சை ஆமணக்கு நடப்போறாங்களோ?”

ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் ‘காஸ்டர் ஒயில்’ என்ற ஆமணக்கெண்ணெயை நினைவூட்டுவதால் நேர்ந்த மயக்கம் அது. பிரெஞ்சில் அது பீவர் என்ற விலங்கின் பெயர் என்றும், மரத்தைப் பல்லால் அறுத்து, கிளையும் சேறும் கொண்டு நீரை மறித்து, அந்நீரை அண்டி வாழ்வது என்றும் விளக்கினேன்.

“அப்ப எலிதானே. இப்பவே வெட்டி விடுறன்.”

நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவ்விலங்கையும் அதன் அணையையும் இந்நாட்டுச் சட்டம் காக்கிறது. மைத்துனரோ பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, மறுமொழிக்காகக் காத்திருந்தார். ஒரு வழக்குப் பதிவானால் அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வீணாகிவிடக் கூடும்.

“நான் வருமட்டும் மண்வெட்டியைத் தொடாதையும்,” என்றேன். தொடர்பு அறுந்தது. தெற்கு நோக்கிய ஆர்.இ.ஆர். புறநகர் ரயில் வண்டியில் இருந்தவாறு பலமுறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முழங்காலளவு நீரில், அணையை ஒட்டி நின்றார். மண்வெட்டி கையில் இருந்தது. கரையில் நின்ற இளம்பெண்ணின் கையில் தொலைபேசி இருந்தது. ஆற்றைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாள். அவள் யாரையேனும் அழைத்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் கூறியதை நான் மொழிபெயர்த்தேன். முற்காலத்தில் இந்த ஓடையை நேராக வெட்டிவிட்டார்களாம். அதனால் மழைநீர் தங்காது விரைந்தோடி, அடிமண்ணை அரித்துச் சென்றது. கோடையில் ஓடை வறண்டது. இப்போது இந்த அணை நீரைத் தாமதிக்கிறது, வண்டல் படிகிறது, நீர் பக்கவாட்டில் பரவி நிலத்துள் இறங்குகிறது. சற்றுக் கீழே, ஓடைக்குக் குறுக்கே வரிசையாக முளைகள் அடித்து, வில்லோ மரக் கொப்புகள் பின்னப்பட்டிருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டி, “அவை எங்கள் கைவேலை. இந்த விலங்கைப் பார்த்துத்தான் செய்தோம்,” என்றாள்.

மைத்துனர் மண்வெட்டியை அணையில் ஊன்றினார்.

“ஓம், போன கோடை நான் தண்ணி சுமந்தனான்தான். இந்த முறை கிணறு வத்தேல்லை. அதுக்காகக் கீரை நீந்தோணுமோ?”

மொழிபெயர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அணையை உடைத்தால் விலங்கு மீண்டும் கட்டிவிடும் என்றும், தான் முறைப்பாடு எழுத நேரும் என்றும் அமைதியாகச் சொன்னாள். அவர் மண்வெட்டியைத் தோளுக்கு மேல் உயர்த்தினார்.

அவள் அவசரமாக வேறொன்றைச் சொன்னாள். அதற்குரிய சொல் உடனே எனக்கு வாய்க்கவில்லை. அணையினூடே நீண்ட குழாய். அதன் வாய்க்குக் கம்பிவலைக் கூடு. நீர் ஓடும் சத்தம் கேட்டால் விலங்கு வந்து அடைத்துவிடும் என்பதால், அந்த வாய் அணையிலிருந்து தள்ளி அமையும். குறித்த மட்டத்துக்கு மேல் நீர் ஏறாது. அவள் கைகளால் காட்டக் காட்ட, ஊரில் வன்னிக் குளக்கட்டுகளும் அவற்றினூடே நீரைத் திறந்துவிடும் மதகுகளும் என் நினைவில் வந்தன.

“துருசு!” என்றேன். “கட்டுக்குத் துருசு வைக்கப்போகினமாம்.”

மண்வெட்டி மெல்ல இறங்கியது.

“துருசோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே, அத்தான். எந்த உயரத்திலை எண்டு கேளுங்கோ.”

அவள் நீருக்குள் இறங்கி அணையின் ஒரு கொப்பில் விரல் வைத்தாள். அவர் அதற்கு ஒரு சாண் கீழே விரல் வைத்தார். இடையில் ஓரிடத்தில் இருவரும் உடன்பட்டனர். குழாய் அடுத்த வாரம் வரும் என்றாள். அதுவரை தாழ்ந்த பாத்திகள் நீருக்குள்தான்.

அவள் சென்றபின் அவர் அப்பாத்திகளை ஒருமுறை சுற்றி வந்தார். பின்னர் மண்வெட்டியைக் கழுவி, உரப்பையால் சுற்றி என்னிடம் நீட்டினார்.

“இதைக் கொண்டு போங்கோ. இஞ்சை கிடந்தால் நான் வெட்டிப்போடுவன்.”

ஆர்.இ.ஆர். வண்டியில் அதை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திப் பிடித்தபடி வந்தேன். எதிரே இருந்த ஒருவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். குழாய் பொருத்தி, நீர் வடிந்த செய்தி வரும்வரை அது என் வீட்டுக் கதவின் பின்னால் நின்றது.