மனேஜரை நீக்கிய மதியச் சாப்பாடு

இன்று சாப்பாட்டு அறையில் எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியின் மனேஜரை மறுபடியும் வேலையை விட்டு நீக்கினோம்.

குற்றங்களை வாசித்தவர் சிவம் அண்ணை. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி கட்டுகிறவர். ஒருநாளும் ஸ்கேட் போட்டதில்லை.

"உவன் வருசா வருசம் புது ஆக்களை எடுக்கிற ட்ராஃப்டில இளம் பெடியளை நல்லாத்தான் தெரிஞ்செடுக்கிறான். எடுத்தவங்களை வளர்க்கிறானோ? பழகி வாற நேரம் வித்துப்போட்டு, வெளியில இருந்து முழங்கால் போனவனைக் கொண்டுவந்து சைன் பண்ணுறான்."

"ஓம் அண்ணை," என்றோம்.

அப்போது எங்கள் தொழிற்சாலை மனேஜர் கதவைத் திறந்தார். லைன் லீடர் வேலைக்கு வேறு கொம்பனியிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருகிறாராம். அந்த வேலை உனக்குத்தான் என்று கோடை முழுவதும் என்னைப் பழக்கியிருந்தார்கள். புதியவருக்கு மெஷினைப் பற்றி நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

தலையாட்டினேன். கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. சோறு ஆறிவிட்டிருந்தது.

சிவம் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "தாங்க்யூ சேர்."

கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினார். "நான் கதையை எதில விட்டனான்?"

"முழங்காலில அண்ணை," என்றேன்.

அடுத்த மனேஜராக யாரைப் போடலாம் என்று இந்த மின்னஞ்சல் குழுவில் இருப்பவர்கள் எழுதுங்கள். ஹொக்கிக்கு மட்டும்.