பஞ்சு நூலும் இரண்டு குவளைத் தண்ணீரும்

ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவிப் பிழைத்தவர்களுக்கு இது தெரியும்: சோதனை பலித்தால் அது சாரின் மூளை, பலிக்காவிட்டால் நாம் சரியாகக் கழுவவில்லை.

கூடாரத்தைத் தின்ற பூசணம்

அறுபதுகளில் போர்ட் பிளேரில், மரமும் துணியும் மட்கிப்போவதை ஆராயும் சிறு கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். பக்கத்துச் சௌல்தாரி கிராமத்தில் குடியேறியவர்களுக்குக் கொடுத்த கூடாரத் துணி ஒரே மழைக்காலத்தில் நைந்துவிட்டது. அதிலிருந்த பூசணத்தை எங்கள் கூடத்தின் தலைவரான சார் வளர்த்து, அது கசியவிடும் என்சைமை வடித்தெடுத்தார். மாவாக அரைத்த வடிதாளை அது சீக்கிரமே சர்க்கரையாக்கியது. பஞ்சு நூலைப் பத்து நாளாகியும் அசைக்கவில்லை. இரண்டும் தாவர நாரான செல்லுலோஸ்தானே என்று கேட்டேன்.

"ஒரே சரக்குதான்பா. அரைச்சதுல இழை தளர்ந்து கிடக்கு, என்சைம் நுழையுது. நூல்ல நெருக்கி அடுக்கியிருக்கு. நீ வந்த கப்பல்ல அந்த மலிவு டிக்கெட் பங்க் கிளாஸ் எப்படி இருந்துச்சு? கால் வைக்க இடம் இருந்துச்சா?"

ஒரு வாளிக்குப் பதில்

அடுத்த சோதனைக்கு நூலைச் சுத்தம் செய்யச் சொன்னார்: ஒரு வாளித் தண்ணீருக்கு அளந்த காஸ்டிக் சோடா. அது ஏப்ரல். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். நம் ஆட்கள் எதில் மிச்சம் பிடிப்பார்கள்? சோடாவைக் குறைக்கவில்லை; வாளியை இரண்டு குவளையாக்கினேன். நூல் சுருங்கித் தடித்தது. நல்லதுதான் என்று, மறுநாள் பெய்த மழையில் அலசிக் கொடுத்தேன்.

சார் புதிதாக வளர்த்த பூசணத்தின் என்சைமில் போட்ட மூன்றே நாளில் நூல் கரையத் தொடங்கியது. இந்தப் பூசணம் பலசாலி என்று சார் துள்ளினார். அறிக்கை தட்டச்சானது, சனிக்கிழமை மெயின்லேண்ட் கப்பலில் போகவேண்டும். என்னை நிரந்தரமாக்கும் கடிதமும் அதே மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. உடன் வேலை பார்த்த வங்காளி அண்ணன் ஹல்தார் தாதா என் குவளைகளைப் பார்த்தவர். வேலை உறுதியாகும்வரை வாயை மூடச் சொன்னார்.

"சுப் ரஹோ பாய், நௌக்ரி பக்கா ஹோனே தோ!"

கப்பலுக்கு முந்தின நாள்

இரண்டு நாள் வாயை மூடியிருந்தேன். வெள்ளிக்கிழமை குவளை விஷயத்தைச் சாரிடம் சொல்லிவிட்டேன். உண்மைக்காகவா, பிறகு மாட்டிக்கொள்வோம் என்ற பயத்திலா? இன்றும் எனக்கே தெரியவில்லை. சார் அறிக்கையைக் கிழித்தார். என் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு, "எத்தனை குவளை?" என்று கேட்டார்.

ஒரு வாளித் தண்ணீர்ச் சோடாவில் ஊறிய நூலையும் இரண்டு குவளைச் சோடாவில் ஊறிய நூலையும் அதே என்சைமில் அருகருகே வைத்தோம். கெட்டிச் சோடாவில் ஊறியது மட்டும் கரைந்தது. பூசணத்துக்குப் புதுப் பலம் எதுவுமில்லை. சோடாதான் இறுகிய இழைகளை உப்பவைத்து வழி திறந்திருந்தது. அடுத்த கப்பலுக்குப் புது அறிக்கை போனது. அன்றே இழுப்பறையும் திறந்தது. கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"வேலை உனக்குத்தான். ஆனா இனிமே வாளியை ரொப்பு."

அந்த வேலை நேர்மைக்குக் கிடைத்ததா, தண்ணீரில் காட்டிய கஞ்சத்தனத்துக்குக் கிடைத்ததா என்று தீர்மானிக்க முடியாததால், சம்பள நாளில் சாருக்கு ஒன்றும் அந்த வறண்ட குழாய்க்கு ஒன்றுமாக இரண்டு கும்பிடு போட்டுவிடுவேன்.