கையில பட்டை இருக்கா?

முகத்தைப் பார்க்கவே மாட்டாள். மணிக்கட்டைத்தான் பார்ப்பாள். கையைத் துண்டுக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு வருகிறவர்களை, "துண்டை எடுங்க சார்" என்று நிறுத்துவாள். காகிதப் பட்டை தென்பட்டால் அதன் ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தடவு தடவுவாள். விடுதியில் அறை எடுத்தவர்களுக்குக் கட்டிவிட்ட பட்டை வழவழவென்று இருக்கும். யாருடைய கையிலிருந்தோ கழற்றிப் பசை போட்டு மறுபடி ஒட்டியது சொரசொரக்கும். சொரசொரத்தால் தீர்ந்தது கதை.

"இது ஒட்டின பட்டை."

"இல்லையே, இப்பதான் ரிசப்ஷன்ல கட்டிவிட்டாங்க."

"அப்ப பசை ஏன் இன்னும் காயல? போயிட்டு வாங்க சார். தண்ணி எங்கயும் ஓடிடாது."

கடலோரத்தில் நிற்கும் அந்தப் பெரிய விடுதியில் கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவே ஒரு நடைபாதை. அந்தப் பாதையில்தான் நீச்சல் குளத்தின் இரட்டைக் கம்பிக் கதவு. கதவருகே ஒரு குடை, குடையின் கீழ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அவள், அவள் இடுப்பில் கிழிந்த பட்டைக்கு மாற்றிக் கட்ட ஒரு பை நிறையப் புதுப் பட்டைகள். வெயில் நகர நகரக் குடை நிழலும் நகரும். நாற்காலியை நகர்த்தினால் கதவு தூரமாகிவிடும் என்று நிழலை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சமையல்கட்டில் எவனோ 'பட்டை அக்கா' என்று கிளப்பிவிட, அதுவே நிலைத்துவிட்டது. அதே விடுதியின் சலவைக்கூடத்தில் துண்டு துவைக்கும் அவள் கணவர்கூட, வேலை நேரத்தில் ஒரு முறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெளியாளை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று கேட்டால், அதில் ரகசியமே இல்லை என்பாள். "ரூம்காரங்க வரும்போது தண்ணியைப் பார்ப்பாங்க. வெளியாளு முதல்ல என்னைப் பார்ப்பான்."

அவளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னென்ன வேஷம் போட்டிருக்கிறார்கள்! கடற்கரைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, ஏற்கெனவே குளித்துக்கொண்டிருந்தவன்போல் சொட்டச் சொட்ட வந்தவன் ஒருவன். காப்பிக்கடைப் பக்கமாக நுழைந்து, பூச்செடிகளை ரசித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்த ஜோடி ஒன்று. "முந்நூத்திப் பன்னெண்டு" என்று கம்பீரமாக அறை எண் சொன்ன கண்ணாடிக்காரரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "மூணாவது மாடியா சார்? கட்டினதும் சொல்லி அனுப்பறோம்" என்றாள். அந்த விடுதிக்கு இரண்டே மாடி.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். அவளுக்கு இதில் ஒன்றும் வேடிக்கை இல்லை. அவளுக்கு நாள் முழுக்கக் கோபம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும்; அவளுக்கு இறங்கும், மரியாதையும் கூடிவிடும். "தயவுசெஞ்சு கிளம்புங்க சார், ரொம்பப் புண்ணியமாப் போகும்" என்று அவள் தணிந்த குரலில் சொன்னால், சுற்றி இருக்கிற பணியாட்கள் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளிப்போவார்கள்.

"பொய் சொல்றது பெரிசில்ல. எல்லாரும்தான் சொல்றோம்" என்பாள். "சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க பாருங்க. இவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

வேலையில் சேர்ந்த அன்று மேலாளர் அவளைக் கதவருகே நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். "ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும். அதனால யாரையும் விடாதம்மா. முதலாளியே வந்தாலும் பட்டையைக் கேளு." பேச்சுக்குச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவள் அதை அப்படியே நெஞ்சில் எழுதிக்கொண்டாள். படிப்பு, பணம், உடுப்பு எதுவும் செல்லாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது, அது தன் கதவு என்று அவளுக்கு ஒரு பெருமை. வீட்டில் சாப்பாடு போடும்போதுகூட இதைச் சொல்வாள். கணவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

அந்தப் பெருமைக்கு விலை கொடுக்க வேண்டிய நாளும் வந்தது.

கணவரின் தங்கை அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். வெளியூரிலிருந்து அவள் நாத்தனார் குடும்பம் விடுமுறைக்கு வந்திருந்தது. வசதியான இடம், வந்த நாளிலிருந்து வீடு சின்னது, வெக்கை பெரிசு என்று குறை. இவள் ரோஷத்தில், "எங்க அண்ணிதான் அந்தப் பெரிய ஹோட்டல்ல எல்லாம். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாள் முழுக்க நீச்சல் குளத்துலயே கிடக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் அண்ணியிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. நேரே வண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாத்தனார், நாத்தனார் கணவன், பிள்ளைகள் என்று பெரிய கூட்டம். சின்னப் பெண் காற்றடைத்த வாத்து வளையத்தை வீட்டிலேயே இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இதோ, இவங்கதான் எங்க அண்ணி" என்றாள் அவள், கதவிடம் வந்ததும், ஊர் முழுக்கக் கேட்கிறமாதிரி.

பட்டை அக்காவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் குரல் இறங்கியது. "கையில பட்டை இருக்கா?"

"என்ன அண்ணி விளையாடறீங்க? நாங்கதான்."

"பட்டை இல்லாம உள்ள விட முடியாதுங்க."

"ங்க"வைக் கேட்டதும் கணவரின் தங்கைக்கு முகம் செத்துவிட்டது. கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "அண்ணி, மானத்தை வாங்காதீங்க. அவங்க எதிர்ல நிக்கிறேன். அரை மணி நேரம். பிள்ளைங்க காலை நனைச்சுட்டு ஏறிடும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும். நீ என் இடத்துல இருந்தாலும் இதைத்தான் செய்வே."

"நான் செய்ய மாட்டேன்" என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. "நான் மனுஷி."

வெளியூர்க்காரி மெதுவாகச் சொன்னாள், "விடு, நமக்கெதுக்கு. வேலைக்காரங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கப்போகுது?" திரும்பும்போது வளையத்தோடு வண்டியில் ஏற முடியாது என்று அதன் மூடியைத் திறந்துவிட்டார்கள். காற்று இறங்குகிற சத்தம் வண்டி கிளம்பும்வரை கேட்டது. அந்தக் குழந்தை அழவில்லை. வாத்தின் தலை தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று வீட்டில் கணவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "நீ செஞ்சது சரிதான்" என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா அவ என் தங்கச்சி" என்றார்.

"தெரியாமயா செஞ்சேன்? உங்க தங்கச்சின்னு தெரிஞ்சுதான் வயிறு எரிய எரிய அனுப்பினேன்" என்றாள் அவள்.

தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் தாண்டிப் போனாள். பட்டை அக்கா இன்னும் கடுமையானாள். எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். குளம் கூட்டுகிறவனிடம், துண்டு அடுக்குகிறவளிடம், குடையிடம். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற ஒன்றுதான் கையில் மிச்சம். அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதுவும் போயிற்று.

முதலாளி வீட்டு மாப்பிள்ளை, கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரோடு வந்தான். ஐஸ் பெட்டி, பாட்டுப் பெட்டி, வழிநெடுகச் சிரிப்பு. அவன் தண்ணீரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கதவைக் காலால் தள்ளினான்.

அவள் எழுந்து குறுக்கே நின்றாள். "பட்டை?"

"என்னது?"

"கையில பட்டை இருக்கணுங்க. இல்லாட்டி ரிசப்ஷன்ல போய்க் கட்டிக்கிட்டு வாங்க."

அவன் கூட்டாளிகளைப் பார்த்தான். அவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு. அதற்குள் மேலாளர் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "ஏம்மா, இது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். முதலாளியே வந்தாலும் கேளுன்னு சொன்னது நீங்கதானே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா! அறிவு வேணாம்? நகரு."

அவள் நகரவில்லை. "அப்ப என் வீட்டுக்காரரோட தங்கச்சியை நான் விரட்டினேனே, அதுவும் பேச்சுக்கா சார்?"

மேலாளருக்கு அவள் சொன்னது காதிலேயே விழவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமாதானமாகச் சிரித்து, "பட்டைதானே வேணும்? உன் பையில இருக்கே. நீயே கட்டிவிட்டுடு. முடிஞ்சது" என்றார்.

மாப்பிள்ளை அதை ரசித்தான். பக்கத்துப் பூந்தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினான். "கையில கட்டினா அரிக்கும். இங்க கட்டு."

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலாளரும், சிரிக்க வேண்டுமோ என்னவோ என்று, பாதி சிரித்தார்.

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். வளையத்திலிருந்து காற்று இறங்கிய சத்தம் காதுக்குள் கேட்டது. நான் மனுஷி என்று கணவரின் தங்கை சொன்னது கேட்டது. இந்தக் காலுக்காகவா அவளை அழ வைத்தோம்? இவன் உதைத்துத் திறப்பதற்காகவா இந்தக் கதவை இத்தனை காலம் கட்டிக் காத்தோம்? நியாயம் என்று நினைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவளைப்போல ஒரு மடச்சி உண்டா?

"சரிங்க சார்" என்றாள். குரல் தரையில் கிடந்தது.

பட்டைப் பையை மேலாளர் கையில் கொடுத்தாள். இரட்டைக் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்தாள். ஒரு பக்கத்துக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள்; மறுபக்கத்துக்கு அவனுடைய ஐஸ் பெட்டியை இழுத்து வைத்தாள். பிறகு மணல் பக்கம் திரும்பினாள். அவள் குரல் ஏறியதை அந்த விடுதி அன்றுதான் கேட்டது.

"வாங்க! எல்லாரும் வாங்க! இன்னிக்குப் பட்டை கிடையாது!"

மணலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. கைக்குழந்தையோடு ஒருத்திதான் எழுந்து நாலடி வந்து, நின்று, வழக்கம்போல முதலில் இவள் முகத்தைப் பார்த்தாள். இவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரன், அவனுக்குப் பின்னால் மாமியார், மணல் ஒட்டிய கால்களோடு ஒரு பள்ளிக்கூடமே வருகிறமாதிரி வந்தார்கள். ஆழமில்லாத பக்கம் புடவையோடு இறங்கியவர்கள் எத்தனை, சட்டையோடு குதித்தவர்கள் எத்தனை! வேர்க்கடலை விற்கிறவர் கூடையைத் தலையில் வைத்தபடியே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யறே? கதவைச் சாத்து!" என்று மேலாளர் கத்தினார்.

"ஒருத்தரை விட்டா எல்லாரையும் விடணும் சார்" என்றாள் அவள். "நீங்க விட்டுட்டீங்க."

மாப்பிள்ளை எப்போது காலைக் கீழே இறக்கினான் என்று யாரும் கவனிக்கவில்லை. கூட்டாளிகளோடு வந்த வழியே போனான். ஐஸ் பெட்டியைக் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. காவலாளிகள் வந்து கூட்டத்தை வெளியேற்றிக் கதவைச் சாத்தப் பொழுது சாய்ந்துவிட்டது.

அன்றைக்கே வேலை போயிற்று. கணவரை வைத்துக்கொண்டார்கள், அத்தனை துண்டுகளையும் துவைக்க ஆள் வேண்டுமே. நனைந்த துண்டு மலைக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டுக்கு வந்தபோது, திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரிக்க ஆரம்பித்தார். "கடலைக்காரர் தலை துவட்டின துண்டு எது தெரியுமா? முதலாளி வீட்டுக்குன்னு தனியா வச்சிருந்தது." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் இன்னும் முழுசாக இருந்தது. யார்மேல் என்றுதான் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் கணவரின் தங்கை நின்றாள். கோபம் தணிந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பட்டை அக்கா எழுந்தாள்.

"ஊரே உள்ள போச்சாமே அண்ணி!" தங்கைக்கு மூச்சு வாங்கியது. "கடலை விக்கிறவர்கூட இறங்கினாராமே! வழியில போற எல்லாரையும் கூவிக் கூவிக் கூப்பிட்டீங்களாமே! என் பிள்ளைங்களுக்கு மட்டும் பட்டை வேணும், இல்ல? என்னை மட்டும் 'ங்க' போட்டு விரட்டணும், இல்ல?"

பட்டை அக்கா கதவுவரை வந்தாள். வேலை போனது தெரியுமா என்று கேட்கலாம். உன்னை நினைத்துத்தான் திறந்தேன் என்று சொல்லலாம்.

"உள்ள வா" என்றாள் கடைசியில்.

"வர மாட்டேன். உங்க வீட்டு வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன். இங்கயே நின்னு கேட்டுட்டுப் போறேன்."

அவள் நின்று கேட்டாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. வெளியூர்க்காரி அன்று வண்டியில் என்ன சொன்னாள், ஊருக்குப் போய் யார் யாரிடம் சொன்னாள், மாமியார் எத்தனை நாள் குத்திக்காட்டினாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. பட்டை அக்கா ஒன்றையும் மறுக்கவில்லை. பாதியில் வெளியே வந்து, தன் வீட்டுக் கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டு, தெருவைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்தாள். தங்கை அழுதுகொண்டே இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டை அக்கா சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.