பெருஞ்சாலையில் இருபது நிமிடம்

என் தங்கையின் கணவர் முப்பத்தொரு வருடம், நான்கு மாதம் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பெயர் ‘தாலாட்டு’. அவர் வண்டியில் ஏறினால் நின்றுகொண்டு வருபவர்கூடத் தூங்கிவிடுவார் என்பார்கள். அங்கே வண்டிப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. அவர் பெயருக்கு எதிரே ஒரு கீறல்கூட ஏறியதில்லை.

ஓய்வு பெற்றதும் புது டீசல் வேன் வாங்கினார். வாங்கிய எட்டாம் மாதம் தங்கைக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. வாரம் இரண்டு முறை மருத்துவமனை, போக 3.8 கிலோமீட்டர், வர 3.8. சின்னக் குலுக்கலும் அவளுக்கு உயிர்போகும் வலி. அதனால் வேகம் இருபதைத் தாண்டாமல் ஓட்டினார்.

மார்ச் 4, செவ்வாய். வேனில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

“அண்ணே, புகை போற வழியில ஒரு ஃபில்டர் இருக்கு,” என்றார் மெக்கானிக். “கரியைப் பிடிச்சு வச்சுக்கும். நல்லாச் சூடானா அதுவே எரிச்சிடும். நீங்க தேர் இழுக்கிற மாதிரி ஓட்டினா எங்கேருந்து சூடாகும்? பெரிய ரோட்ல, எண்பதுல, இருபது நிமிஷம் விடாம ஓட்டுங்க.”

“நிக்க வச்சே ஆக்சிலேட்டரை மிதிச்சு முறுக்கினா ஆகாதா? பஸ்ஸுக்கு அப்படித்தானே செய்வோம்,” என்றார் மாப்பிள்ளை.

“அது பழைய எஞ்சின், கரியை வெளியே கக்கிடும். இது சுமையோட ஓடணும். நிக்க வச்சு முறுக்கினா பக்கத்து வீட்டுக்காரர்தான் சூடாவார்.”

வீட்டில் இதைச் சொன்னதும் தங்கை முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, ‘இன்னும் கொஞ்சம் மிதிங்க’ என்று அவரை விரட்டியவள் அவள்.

“என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு தடவை பறந்துட்டு வருவோம்.”

“பறக்கிற உடம்பா இது? சும்மா இரு.”

“வலிச்சா கத்துறேன். உங்க காதுதான் பஸ் சத்தத்துலயே பாதி போயாச்சே.”

அவர் சிரித்தார், கூட்டிப்போகவில்லை. தனியாகவும் போகவில்லை. “விட்டுட்டுப் போனா ஏங்கிடுவா, மச்சான். கூட்டிட்டுப் போனா எலும்பு தாங்காது,” என்றார். மெக்கானிக் சொன்னதை மீறி, தினமும் காலையில் வாசலிலேயே வண்டியைப் பத்து நிமிடம் முறுக்கினார். பழைய பழக்கம். கட்டிலில் இருந்தபடி, “உன் மாப்பிள்ளை நின்ன இடத்துலயே ஊர் சுத்துறார்” என்பாள் தங்கை.

11-ம் தேதி மறுபடி கேட்டாள். 19-ம் தேதியும் கேட்டாள். “உடம்பு கொஞ்சம் தேறட்டும்” என்றார்.

24-ம் தேதி சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினில் இழுவையே இல்லை. வேன் பட்டறைக்குப் போனது. 26, புதன், காலை 10.40-க்குத் தங்கை வீட்டிலேயே இறந்தாள்.

வேனை மெக்கானிக்கே கொண்டுவந்து விட்டார். “கழட்டித்தான் சுத்தம் பண்ண வேண்டியதாப் போச்சு. ஆரம்பத்துலயே ஒரு ஓட்டம் ஓட்டியிருந்தா போதும்ணே.”

மெக்கானிக் போனபின் மாப்பிள்ளை சாவியை ஆணியில் மாட்டினார்.

“மூணு தடவைதானே கேட்டா, மச்சான்?”

நான்கு. 21-ம் தேதி மாலை, அவர் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாவது சொல்லேன் அண்ணா, நீ சொன்னா கேப்பார்” என்றாள். அவளுக்கு வலிக்குமே என்று பயந்து நான் அவரிடம் சொல்லவில்லை.

“மூணுதான்,” என்றேன்.