ருக்மணி மடக்கச் சொன்ன சுவர்

அன்று காலை பத்து மணிக்கு ருக்மணி கொத்தனாரை அழைத்துக்கொண்டு என் வீட்டுச் சுவர் ஒன்றை இடிக்க வருவதாக இருந்தது. ஒன்பதேகாலுக்கு ருக்மணியின் தம்பி போன் செய்தார். "அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே. காப்பி போட எந்திரிச்சது, அடுப்படியிலயே சாஞ்சிருச்சு." உள்ளறையில் கிடக்கும் என் மனைவி செல்விக்கு அது கேட்டிருக்கும். அந்த அறையில் கிடப்பவருக்கு வீட்டில் நடப்பதெல்லாம் காதில் கேட்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

வில்லாபுரத்தில் ருக்மணியின் வீட்டுக்குப் போனேன். ஒரே சென்ட்டில் அவரே வரைந்து கட்டிக்கொண்ட வீடு. தம்பி மடக்குக் கதவுகளைச் சுவரோரம் ஒதுக்கி, கட்டிலைத் தூக்கிச் சுவரில் மாட்டினார். படுக்கையறையும் கூடமும் அடுப்படியும் ஒன்றாயின. ஐஸ் பெட்டி நடுவில் இருக்க, தெருப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து அழ இடமிருந்தது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "உள்ள எம்புட்டு எடம் பாருங்க சார்! வெளிய நின்னு பாத்தா தீப்பெட்டி" என்றார். ருக்மணிக்கு 'எழவு ஆர்க்கிடெக்ட்' என்று பட்டம் சூட்டி ஊரெல்லாம் சிரிக்கவைத்தவர் அவர்தான். அவர் மறந்திருக்கலாம். நான் மறப்பவன் அல்ல. இரங்கல் கூட்டத்தில் பேச வரிசையில் நிற்கும் உங்களில் யார் யார் அன்று சிரித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்கிறேன். கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். அவர் வரைவார், கம்பி, காங்கிரீட் கணக்கு என்னுடையது. சின்ன மனை வைத்திருப்பவர்கள்தான் எங்களைத் தேடி வந்தார்கள். எத்தனை அறை வேண்டும் என்று அவர் கேட்கமாட்டார். காலையில் யார் எங்கே சமைப்பார்கள், மதியம் யார் தைப்பார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எங்கே உட்காரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அளவுகளை மட்டும் தன் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் முணுமுணுப்பார். கடைசியாக ஒரு கேள்வி வரும். மேலூரிலிருந்து புதுமணத் தம்பதியோடு ஒரு குடும்பம் வந்தபோதும் அதைக் கேட்டார்.

"கல்யாணம், வளைகாப்பையெல்லாம் மண்டபத்துல வச்சிருவீங்க. சாவு வீட்டுலதான நடக்கும்? எங்க கெடத்துவீங்க?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி பாடைக்கு எடம் கேக்குறாளே! எந்திரிங்கடா!"

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்ததும் நான் கத்தினேன். "இப்படிக் கேட்டா எவன் மேடம் வருவான்?"

"இஞ்சினியரே, அம்புட்டுப் பெரிய எழவுக்கு ஒரு நாள் ஒதுங்கிக் குடுக்கிற வீடு, தொட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் தெனம் ஒதுங்கிக் குடுக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

பிறகு ஒன்றரை சென்ட்டில் என் வீட்டை நானே கட்டினேன். வரைபடம் அவருடையது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே மடக்குக் கதவு போட்டிருந்தார். என் அப்பா எங்களோடு இருந்த காலம் அது. அவரை எங்கே கிடத்துவது என்று ருக்மணி என்னிடமும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வரைபடத்தில் அந்தக் கதவுக்கான கோட்டை அழித்துவிட்டுச் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினேன். வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. என் வீம்புக்குத் தேவைப்பட்டது.

ஐப்பசி மழையில் அப்பா இறந்தார். கூடத்தில் பெட்டி நுழைந்தால் ஆள் நுழைய முடியாது. தெருவில் தார்ப்பாய் கட்டிக் கிடத்தினோம். தண்ணீர் தேங்கித் தேங்கிக் கொட்டியது. ருக்மணி வந்து, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் நனைந்தபடி நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் அலுவலகத்தை விட்டு விலகினேன். அதன்பின் மூன்று வருடம் அவரோடு பேசவில்லை.

"அந்தச் சுவர எடுத்துருவமாங்க?" என்று அப்போதே செல்வி கேட்டாள். "அது பீமைத் தாங்குது. எடுத்தா வீடு நிக்காது" என்றேன். இஞ்சினியர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

போன வருடம் பக்கவாதத்தில் செல்விக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. எட்டு மாதம் அந்தச் சுவருக்குப் பின்னால் கிடந்தாள். சக்கர நாற்காலி அங்கே திரும்பாது. தெருவைப் பார்க்க வேண்டும் என்று அழுவாள். நான் பீம் என்பேன். கடைசியில் அவளே குழறிக் குழறிச் சொன்னாள்: "ருக்மணிய வரச் சொல்லுங்க."

மூன்று வருடம் கழித்து அவரிடம் போனில் பேசுகிறேன். "வாரேன்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் செல்விக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிவதையே தானும் பார்த்தார்.

"என்னையக் கெடத்தத்தான எடம் பண்ற?" என்று செல்வி கேட்டாள்.

"உனக்கும்தான், உன் வீட்டுக்காரருக்கும்தான். யாரு முந்துறீங்களோ பாப்போம். அதுவரைக்கும் தெருவ வேடிக்கை பாரு."

எட்டு மாதத்துக்குப் பிறகு செல்வி சிரித்தாள்.

வாசலுக்கு வந்ததும் ருக்மணி குரலைத் தாழ்த்தினார். "அது நாலரை இஞ்சு சுவரு. அது தாங்குறது அதோட கனத்தை மட்டும்தான். அவகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். "சரி. பீமுக்கு வேற முட்டு குடுத்துட்டேன், இனிமே பயமில்லன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

"எனக்காக எதுக்கு மேடம்?"

"உங்களுக்காக யாரு சொன்னா? படுத்துக் கெடக்குறவளுக்குச் சுவரு போனாப் போதும். புருசனும் போகணுமா?"

நான்கு நாளில் அவர் போய்விட்டார்.

நேற்று கொத்தனார் தனியாக வந்தார். உள்ளறையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, செல்வியின் தலைமாட்டிலேயே கேட்டார்: "சார், இது லோடு தாங்குற சுவரா? மேடம் இருந்தா அவுகளே சொல்லிருப்பாக."

முட்டு, பீம் என்று அந்தக் கதையை நானே சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ருக்மணி சொல்லியிருந்தால் அது கருணை. நான் சொன்னால் பழைய பொய்க்கு இன்னொரு பூச்சு. "இல்ல. எதையும் தாங்கல. கட்டின நாள்லருந்து தாங்கல" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தாள். "எட்டு மாசம்" என்றாள். நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொத்தனார் உடைக்க ஆரம்பித்தார். மாலையில் சுவர் இல்லை. கட்டிலிலிருந்து தெரு தெரிகிறது. அவள் இன்னும் போர்வையை விலக்கவில்லை.

ருக்மணியின் வரைபடங்களையும் அளவு நாடாவையும் யார் வைத்துக்கொள்வது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். எடுத்துக்கொள்ளுங்கள். செல்வியிடம் தானே சொல்லிக்கொள்வதாக ஏற்று, சொல்லாமலே அவர் கொண்டுபோன அந்த ஒரு பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன்.