சுக்கு காபியில் காபி இல்லை

டீக்கடைக்காரனை அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தையே தேவையில்லை. அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு டீ வேணாம்" என்றால் போதும். புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருபது வருஷமாக பாய்லர் முன்னால் வெந்துகொண்டிருக்கிறேன். என்னைப் போல பாய்லரோடு குடித்தனம் நடத்தும் சக பாவிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அப்படி வேண்டாம் என்ற ஒருத்தனால் என் ஒரே மகள் தீபாவின் கல்யாணம் ஒரு டம்ளரில் மாட்டிக்கொண்டது.

முதலில் தொழில் தர்மம்

காபியைப் பற்றி ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலைக் கூட்டத்தில் டிகாக்ஷன் தண்ணீர் பட்டுக் கொஞ்சம் நீளும். உங்கள் கடையிலும் நீளும். யாராவது கேட்டால் அடித்துச் சத்தியம் செய்வேன். அதற்குக் கூச்சப்பட்டால் கடை நடத்த முடியாது.

மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் ஒருத்தர் வாரம் ஒரு தடவை கல்பாக்கம் போகிற வழியில் வண்டியை நிறுத்துவார். ஒரு நாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "காபில காபியே இல்லியே?" என்றார். "மாரியாத்தா மேல சத்தியம், ஸ்ட்ராங் காபி" என்று பாய்லரைத் தொட்டுச் சொன்னேன். அவர் நிதானமாகக் குடித்து முடித்துச் சொன்னார்: "நான் கல்லுல சாமி செஞ்சா பார்க்கறவன் சாமின்னு கும்புட்றான். நீ போட்றது காபின்னு நீ சொன்னாத்தான் தெரியுது, அண்ணாத்த."

பிஸ்கட் மட்டும்

ஜோயல் என்கிற பையன் கடைக்கு வர ஆரம்பித்தது மழைக்காலத்தில். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கம்பெனி பஸ் என் கடைக்கு எதிரில்தான் நிற்கும். தினமும் கால் மணி நேரம் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்காருவான். இரண்டு பட்டர் பிஸ்கட், ஒரு டம்ளர் தண்ணீர். டீயும் கிடையாது, காபியும் கிடையாது.

ஒரு வாரம் பொறுத்தேன். சுகரா என்று கேட்டேன், இல்லை. அல்சரா, இல்லை. என் டீயைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா, அதுவும் இல்லை. "எங்க சபையில டீ, காபி, சிகரெட், தண்ணி எதுவும் தொடக் கூடாதுண்ணே. வெளியில எங்கள மார்மன்னு சொல்வாங்க" என்றான். பெங்களூரில் வேலை பார்த்தபோது அவன் அப்பா சேர்ந்த கிறிஸ்தவ சபையாம். சிகரெட்டும் சாராயமும் புரிந்தது. அந்த வரிசையில் என் டீயையும் சேர்த்ததுதான் பொறுக்கவில்லை. "அப்ப டீக்கடைக்கு இன்னாத்துக்குப்பா வர்றே?" என்று கேட்டே விட்டேன். பையன் ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பிஸ்கட் நல்லா கீதுண்ணே."

சூடு எது?

விசாரித்ததில், அவர்கள் புத்தகத்தில் 'சூடான பானம் வேண்டாம்' என்றுதான் இருக்கிறதாம். அடப்பாவி, இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா? இருபது வருஷமாக டீ ஆற்றியே தோள்பட்டை இறங்கிப்போனவன் நான். நல்ல டீ ஒன்றைப் போட்டு, பத்து ஆற்று ஆற்றி, கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் ஜில்லென்று நீட்டினேன்.

வேண்டாம் என்றான். 'சூடான பானம்' என்றால் டீயும் காபியும்தான் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்களாம். அதனால் ஆறிய டீயும் கூடாது, ஐஸ் போட்ட டீயும் கூடாது. அப்படியென்றால் பொங்கப் பொங்கப் பால்? அது குடிக்கலாம். எனக்குத் தலை சுற்றியது. என் டீ மாஸ்டர் காசி மட்டும் தெளிவாக இருந்தார். "அப்ப தப்பு டீத்தூள் மேலதான். அடுப்பு மேல ஒரு குத்தமும் இல்ல, வுடுண்ணாத்த."

கோலா கேஸ்

வெயில் காலத்தில் பையன் ஒரு பாட்டில் கோலா வாங்கினான். பெஞ்சில் தினமும் பேப்பர் படிக்கும் ரிட்டையர்டு சயின்டிஸ்ட் சார் உடனே கண்ணாடியை இறக்கினார். காபியில் இருக்கும் அதே காஃபின் கோலாவிலும் இருக்கிறதே என்று மடக்கினார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கும்தான்.

பையன் கோபப்படவில்லை. சட்டம் டீ இலைக்கும் காபிக்கொட்டைக்கும்தான், காஃபின் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, கோலா அவரவர் இஷ்டம், அவன் அம்மா அதையும் தொடமாட்டார் என்றான். சயின்டிஸ்ட் சார் கண்ணாடியை மறுபடி ஏற்றினார். பிறகு தன் கையில் இருந்த டீயைப் பார்த்தார். அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. "டாக்டர் எதிர்ல உக்காந்து சொல்றதையே நான் கேக்கல. இவன் யாரும் பார்க்காதப்பவும் கேக்கறான்."

அண்ணே போய் அங்கிள் வந்தது

ஆறு மாதமாக என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டவன், ஒரு திங்கட்கிழமை காலையில் "குட்மார்னிங் அங்கிள்" என்றான். கூடவே எழுந்தும் நின்றான். எனக்குச் சுரீரென்றது. தீபாவும் அதே பஸ்ஸில்தான் அதே கம்பெனிக்குப் போகிறாள். பிஸ்கட் எதற்கு நன்றாக இருந்தது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

வீட்டில் கேட்டேன். தீபா மழுப்பவே இல்லை. ரிஜிஸ்டர் கல்யாணம், அவள் கும்பிடுவதை அவள் கும்பிடுவாள், அவன் கும்பிடுவதை அவன் கும்பிடுவான், எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. ஆறு மாதம் என் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொய் சொல்லாத பையன், பிஸ்கட் விஷயத்தைத் தவிர. ஆனாலும் சும்மா விட மனசில்லை. டீக்கடைக்காரன் மகளுக்கு டீயே குடிக்காதவன்தான் கிடைத்தானா என்றேன். "நீதானப்பா சொல்வே, டீக்கடைக்காரன் வூட்ல டீ மிஞ்சறதே இல்லன்னு. இப்பத்தான் மிஞ்சும்."

கை நனைக்காமல்

எங்கள் வீட்டில் பெரிய தலை கருங்குழியில் இருக்கும் என் அண்ணன். லாரி ஓட்டி, லாரி வாங்கி, இப்போது நிலம், லாரி இரண்டையும் பார்ப்பவர். சாமி வேறு என்பதைக்கூட ஒரு வாரம் முறைத்துவிட்டு ஏற்றுக்கொண்டார். டீ, காபி தொடமாட்டார்கள் என்றதும்தான் துண்டை உதறினார். பெண் கொண்டுவரும் காபியை வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்றுதானே நம் பக்கம் அர்த்தம்! தீபா அன்று சாப்பிடவில்லை. அண்ணன் பேச்சை மீறி எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வழி கண்டுபிடித்தது என் மனைவி கஸ்தூரி. சுக்கு, மல்லி, மிளகு, பனைவெல்லம். சில வீட்டில் காபித்தூளும் சேர்ப்பார்கள், நாங்கள் சேர்ப்பதில்லை. ஜோயலுக்கு போன் போட்டேன். இலை இல்லை, கொட்டை இல்லை, தாராளமாகக் குடிக்கலாம் என்றான். அண்ணனிடம் சொன்னேன். "எத்த வேணா குடு. ஆனா நம்ம வூட்ல ஒரு வாய் குடிக்காம எழுந்தாங்கன்னா, அத்தோட முடிஞ்சிது."

சத்தியம்

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார்கள். ஜோயல் சந்து முனையில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவும் அப்பாவும் முதலில் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தீபா தட்டோடு வந்தாள். பெரிய மனுஷன் தோரணையில் அண்ணன் வாயைத் திறந்தார்: "எடுத்துக்கங்கம்மா, சுக்கு காபி."

பையன் வீட்டில் விவரம் சொல்லவில்லை போல, டம்ளரைத் தொட்ட அந்த அம்மாவின் கை அப்படியே பின்வாங்கியது. "மன்னிச்சுக்கங்க, காபி நாங்க..." என்று கைகூப்பினார். அண்ணன் எழுந்தார். துண்டு தோளுக்குப் போனது. தீபாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பிறந்ததிலிருந்து அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்: "அம்மா, அதுல காபியே இல்லம்மா! மாரியாத்தா மேல சத்தியம், ஒரு துளி காபி இல்ல!"

முதலில் சிரித்தது அண்ணன்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அதே நேரம் உள்ளே நுழைந்த ஜோயல், "ஆமாம்மா, பேருதான் காபி" என்றான். அந்த அம்மா மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், பிறகு முழு டம்ளரையும் குடித்து முடித்து, தீபாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது; மிளகுக் காரம் என்று சமாளித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா என்னைக் கேட்டார்: "இவ்ளோ நல்லா கீதே, இதுக்குப் போய் ஏங்க காபின்னு பேரு வச்சீங்க?"

காபியில் காபி இருக்கிறது என்று இருபது வருஷமாக நான் செய்த சத்தியத்தை ஒருத்தரும் நம்பவில்லை, இல்லை என்று ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், மருமகன் கிடைத்துவிட்டான்.