ஊருக்கா, மலைக்கா?

"மலையில பருப்பு வேகாது, டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா?"

மேகமலையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைச் சொன்னவர், பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டு அக்கா. தேயிலை பறிக்கிறவர். தொண்ணூறுகளின் கடைசி அது. பள்ளியை ஒட்டிய ஒற்றை அறையில் எனக்குத் தங்கல், சோறு அக்கா வீட்டில். அவர் வைக்கும் சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் கிடக்கும். முதல் நாளே ஊற வைப்பார், ஆப்ப சோடா போடுவார், விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுவார், விறகைத் தள்ளித் தள்ளி இரண்டு மணி நேரம் எரிப்பார். அப்புறமும் பல்லில் வைத்தால் நறுக்கென்றுதான் இருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அதோடு விட்டேனா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு வேறு விளக்கினேன். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஆகவே மலையில் பருப்பு வேகாது. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் படித்த முட்டாளை இன்றைக்கு எதிரில் பார்த்தால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னமனூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இறங்குவேன், ஞாயிறு மத்தியானம் திரும்ப ஏறுவேன். ஒரு தடவை அம்மா, நான் இளைத்துப்போனதாகச் சொல்லி, வீட்டிலிருந்த துவரம்பருப்பில் இரண்டு படி கட்டிக் கொடுத்தார். அதை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அக்கா கையில் கரண்டியோடு என் கதவுக்கு ஓடி வந்தார். தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி முகம்.

"டீச்சர், பருப்பு கரைஞ்சு போச்சு டீச்சர்! எப்பவும் போலத்தேன் அடுப்புல வச்சேன், சட்டியில பருப்பையே காணோம்!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். கரையத்தான் செய்திருந்தது. குழைந்து, பொங்கி, மஞ்சளாக நின்றது. அதே மலை, அதே அடுப்பு, அதே தண்ணீர். உயரம் கொஞ்சம் நேரத்தைக் கூட்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷமாக இவர்களை வேகாத பருப்பைத் தின்ன வைத்தது மலை இல்லை. சுளகில் ஒரு பக்கம் அம்மா கொடுத்ததையும் மறுபக்கம் அக்கா கடையில் வாங்கியதையும் கொட்டினோம். அக்காவுடையது சுருங்கி, நிறம் செத்து, வண்டு குடைந்த ஓட்டையோடு கிடந்தது. எத்தனை வருஷத்துச் சரக்கோ, யாருக்குத் தெரியும்.

"இந்தப் பருப்ப எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டேன். அக்கா சொன்ன கடை, எங்கள் வீட்டுக்கு இருபது வருஷமாகச் சாமான் வரும் கடை. அம்மாவின் பருப்பும் அதே கடைதான்.

இந்த விஷயம் வெறும் சாம்பார் விஷயமாக இருந்திருந்தால் நான் இரண்டு நாள் கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் அக்காவின் சின்ன மகள் பெரியவளானாள். சடங்கு வைக்க வேண்டும். அக்காவுக்குப் பயத்தில் காய்ச்சலே வந்துவிட்டது. ஏனென்று அப்போதுதான் சொன்னார்.

மூத்தவளுக்குச் சடங்கு வைத்தபோது ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து அக்காவின் அண்ணன் சீரோடு மலையேறி வந்திருக்கிறார். பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் வந்து சீர் வைக்காமல் சடங்கு ஏது? பந்தியில் முதல் இலை அவருக்கு. சாம்பார் ஊற்றியதும் பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்திருக்கிறார். நசுங்கவில்லை. "ஒரு பருப்ப வேக வைக்கத் தெரியல, இவ எல்லாம் விசேசம் வைக்க வந்துட்டா" என்று சபையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு ஏழு வருஷம் மலைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரரோ எந்தச் சண்டையையும் அந்தப் பருப்பிலிருந்துதான் ஆரம்பிப்பார். இப்போது அக்கா ஆள் மேல் ஆள் விட்டு, கையைக் காலைப் பிடித்த பிறகுதான் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் அவர் இலையை விட்டு எழுந்தால் அக்காவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை.

"இந்தத் தடவை சாமான் நான் வாங்கித் தாரேன்" என்றேன். "ஆனா அதுக்கு முன்னாடி நீங்க என்னோட ஒரு நாள் கீழ எறங்கணும்."

எனக்குக் கோபம் வந்தால் கையில் ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கோபத்தை ஆளாளுக்கு ஆறப்போடச் சொல்லிவிடுவார்கள்.

மலைக்காரர்கள் சாமான் வாங்கும் பலசரக்குக் கடைகள் சின்னமனூரில் அப்போது மூன்று. பஸ் நிலையத்தை ஒட்டியது பெரிய கடை. கோலப்பொடியிலிருந்து கொசுவர்த்தி வரைக்கும் இல்லை என்ற சொல்லே கிடையாது. மார்க்கெட் தெருவில் இருந்தது சின்னக் கடை. விலை சல்லிசு, ஆனால் பத்து சாமான் கேட்டால் ஆறுதான் இருக்கும். மூன்றாவது எங்கள் கடை. எங்கள் கடை என்றால் எங்களுக்குச் சொந்தமில்லை, அப்படித்தான் வீட்டில் சொல்வோம். ஊரிலேயே நல்ல சரக்கு அங்கேதான் என்று என் அப்பா கல்யாண வீடுகளில் எல்லாம் சிபாரிசு செய்வார்.

மூன்று கடையிலும் ஒரு கேள்வி உண்டு. சாமான் எழுதிய சிட்டையை நீட்டியதும் கேட்பார்கள்: "ஊருக்கா, மலைக்கா?" நான் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்ட கேள்வி. மலைக்கு என்றால் ஜீப்பில் குலுங்கிப் போகும், அதனால் இரட்டைச் சாக்கில் கட்டுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாக்கில் சாக்பீஸால் 'ம' என்று போடுவார்கள். அக்கறை என்றே நினைத்திருந்தேன், பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மாதிரி இரண்டு சிட்டை எழுதினேன். துவரம்பருப்பு அரைக் கிலோ, மிளகாய் வற்றல் கால் கிலோ, அரிசி ஒரு கிலோ. ஒவ்வொரு கடையிலும் நான் முதலில் போய் "ஊருக்கு" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா போய் "மலைக்கு" என்பார். மூன்று கடையும் முடித்து, பஸ் நிலையத்து சிமெண்டு பெஞ்சில் பேப்பரை விரித்துப் பொட்டலங்களை வரிசையாகப் பிரித்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

பெரிய கடையில் எனக்குக் கொடுத்த மிளகாய் சிவப்பு, அக்காவுக்குக் கொடுத்தது வெளுத்துப்போய் வைக்கோல் நிறம். பருப்பில் பாதி உடைசல். விலை மட்டும் அக்காவுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூட. சின்னக் கடைக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சரக்கைத்தான் கொடுத்திருந்தார், இரண்டிலும் கல். மட்டம்தான், ஆனால் ஆள் பார்த்து மட்டமில்லை. அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கடைசியாக எங்கள் கடைப் பொட்டலம். என்னுடையது ஆறு பொட்டலத்திலும் முதல் தரம். அக்காவுடையது ஆறிலும் கடைசி. அரிசியில் குருணை பாதி. பருப்பை நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது. அதற்கும் மலை விலை.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பருப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப, அன்னைக்கு நான் ஒழுங்காத்தேன் வச்சிருக்கேனா, டீச்சர்?"

 ஏழு வருஷமாக அந்தம்மா தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு, அக்கா கையையும் பிடித்துக்கொண்டு எங்கள் கடைக்குப் போனேன்.

முதலாளி கல்லாவில் இருந்தார். அப்பாவின் கூட்டாளி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர். பொட்டலங்களை மேஜையில் பிரித்து வைத்தேன்.

"இது என்ன மாமா?"

அவர் பார்த்தார். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டாமா? இல்லை. பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"இது மலைச் சரக்கு, ஆத்தா. பழசு நிக்கிறத என்ன செய்ய? ஊர்க்காரவுகளுக்குக் குடுத்தா சாயங்காலமே கடை வாசல்ல வந்து நிப்பாக. மலைக்காரவுக ஒரு பருப்புக்காக ஒரு நாள் கூலிய விட்டுட்டு எறங்கி வரவா போறாக? அங்கன கேட்டா, மலையில பருப்பு வேகாதுன்னு அவுகளே சொல்லிக்கிருவாக."

"அத யாரு சொல்லிக் குடுத்தது அவுகளுக்கு?"

சிரித்தார். "எங்கப்பா காலத்துலருந்து நாங்க கடையில சொல்றதுதேன்."

வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். எச்சில் சோறு, களவாணித்தனம், அது இது என்று இங்கே எழுத முடியாததெல்லாம். கடையில் நின்றவர்கள் சிட்டையை மடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தராவது "ஏன்யா இப்படி?" என்று கேட்டார்களா? கேட்கவில்லை. அவர்களுக்கு நல்ல சரக்கு வருகிறது, அப்புறம் என்ன. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தானே வந்தது, நாங்கள் மட்டும் என்றைக்குக் கேட்டோம்? அந்த நினைப்பு வந்ததும் என் சத்தம் இன்னும் கூடியது.

"ஏலே, அந்தப் புதுச் சரக்க எடுடா" என்று மூட்டை தூக்குகிறவரைக் கூப்பிட்டார் முதலாளி. "ஒனக்கு வேணும்னா மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா, ஆத்தா? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நானே பொறுக்கித் தந்திருப்பேன்ல." அப்புறம் அக்கா பக்கம் தாடையை நீட்டி, "இது யாரு, ஒங்கூட?" என்றார்.

இது. பதினொரு வருஷமாக அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவர் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கு நான் கடையையே கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. அடுத்த ஞாயிறு சடங்கு. பெரிய கடையும் இதே லட்சணம், சின்னக் கடையில் கல்; தேனிக்குப் போய் வாங்கி, அங்கிருந்து மலைக்கு ஏற்ற அக்காவால் ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு சடங்குச் சிட்டையைக் கொடுத்தேன். நல்ல பருப்பு, நல்ல அரிசி, நல்ல மிளகாய், ஊர் விலை. எல்லாம் கட்டி முடித்ததும் மூட்டை தூக்குகிறவர் பழக்கத்தில் சாக்கில் 'ம' போடக் குனிந்தார். சாக்பீஸைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். ஜீப்பில் ஏறும் வரைக்கும் மூட்டையை விட்டு நான் நகரவில்லை.

அதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. "அந்தாளுட்டப் போயி ஏன் சத்தம் போட்ட? நாளைக்கு அவுக மூஞ்சில நான் முழிக்க வேணாமா?" என்றார் அப்பா. "அவுக நம்மள ஏமாத்தலையே?" என்று ஒரு கேள்வி வேறு. அன்றைக்கு எங்கள் வீட்டில் நான் சாப்பிடவில்லை. அந்தக் கடைச் சாமான் வீட்டுக்கு வருவதும் நிற்கவில்லை. பின்னாளில் தேதி போட்ட பாக்கெட் பருப்பு வந்தபோது, சுவை போச்சு என்று ஊரே அங்கலாய்த்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாக்கெட் யாரையும் ஊருக்கா மலைக்கா என்று கேட்பதில்லை.

சடங்கன்று அண்ணன் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். முறுக்கு மீசை, முறைப்பு. தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சீர் வைத்தார், பெண்ணுக்கு மாலை போட்டார், பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். அக்கா தன் கையாலேயே சாம்பார் ஊற்றினார்.  அவர் விரலால் பருப்பைத் தேடினார். தேடி எடுக்க அதில் பருப்பு தனியாக இல்லை. ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது தடவை ஊற்றச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, தானே சமைத்தவர் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"பரவால்லத்தா" என்றார் அண்ணன், பந்திக்கே கேட்கும்படி. "ஏழு வருசத்துல பருப்பு வேக வைக்கக் கத்துக்கிட்டியே."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். கரண்டியைச் சட்டியில் வைத்தார். அதுவரை அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் ஒண்ணும் புதுசாக் கத்துக்கிடலண்ணே. அன்னைக்கு வச்சாப்புலதேன் இன்னைக்கும் வச்சேன்."

"அப்பறம் எப்படி இப்படிக் கொழஞ்சிருக்கு? கடைய மாத்திட்டியா?"

"கடை அதே கடைதேன்" என்றார் அக்கா. "அன்னைக்கு நான் போயி வாங்குனேன். இன்னைக்கு டீச்சர் வந்து வாங்குனாக."